பட்டம் துறந்த பிரதமர்: பிரபுவாகப் பிறந்தவருக்கு ஏன் இத்தனை சிக்கல்?

1963 அக்டோபர் 23 முதல் நவம்பர் 7 வரை, பதினைந்து நாள், பிரிட்டனின் பிரதமர் நாடாளுமன்றத்தின் எந்தச் சபையிலும் உறுப்பினராக இல்லை. பிரபுக்கள் சபையை விட்டு வெளியேறியிருந்தார். காமன்ஸ் சபைக்குள் இன்னும் நுழையவில்லை. டவுனிங் தெருவில் இருக்க வேண்டியவர் ஸ்காட்லாந்தின் ஊர் ஊராகப் போய் ஓர் இடைத்தேர்தலுக்கு வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் அலெக் டக்ளஸ்-ஹியூம். ஆங்கில எழுத்துகளைப் பார்த்தால் 'ஹோம்' என்றுதான் படிக்கத் தோன்றும். ஆனால் அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருவது 'ஹியூம்'.

பட்டமும் பரம்பரைச் சொத்தும் உள்ள ஒருவர் பிரதமராவதில் என்ன கஷ்டம், அது வசதிதானே என்று கேட்கலாம். ஒரு காலத்தில் வசதியாகத்தான் இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அதே பட்டம் காலில் கட்டிய கல்லாக மாறியது. அது எப்படி நடந்தது என்பதை இந்த ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்தே புரிந்துகொள்ளலாம். பிரிட்டன் அரசியலைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் கிடைப்பது அரிது என்பது என் எண்ணம்.

பிரபு என்பவர் யார்?

பிரிட்டனின் பரம்பரைப் பிரபுக்களில் ஐந்து படிநிலைகள் உண்டு. மேலிருந்து கீழாக டியூக், மார்க்வெஸ், ஏர்ல், வைகவுன்ட், பாரன். பட்டம் பெரும்பாலும் தந்தையிடமிருந்து மூத்த மகனுக்குப் போகும். நம் ஜமீன்களைப் போல நிலமும் மாளிகையும் ஊர் மரியாதையும் மட்டுமே இதில் அடங்கியிருந்தால் சிக்கல் ஏதும் எழுந்திருக்காது. இந்தப் பட்டத்தோடு ஓர் இருக்கையும் சேர்ந்து வந்தது. பட்டம் யாருக்கு வந்ததோ அவருக்குப் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்து சட்டம் இயற்றும் உரிமையும் வந்தது. தேர்தல் கிடையாது, பதவிக்காலம் கிடையாது.

உரிமையின் மறுபக்கம் ஒரு தடை. பிரபுக்கள் சபைக்கு உரியவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் காமன்ஸ் சபைக்கு வர முடியாது. தேர்தலில் நிற்க முடியாது. அந்தக் காலத்தில் ஏற்கனவே உறுப்பினராக இருந்தவருக்கு, தந்தை இறந்த அன்றே பட்டம் வந்துசேர்ந்தது, தொகுதி கையை விட்டுப் போனது. 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல 1963 வரை சட்டத்தில் வழியே இல்லை.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். 'லார்ட்' என்று அழைக்கப்படுகிற எல்லோரும் சட்டப்படி பிரபு அல்ல. தந்தை ஏர்லாக உயிரோடு இருக்கும்போது மூத்த மகனைத் தந்தையின் சிறிய பட்டங்களில் ஒன்றால் அழைப்பார்கள். அது மரியாதைப் பெயர் மட்டுமே. அப்படி அழைக்கப்படுகிறவர் சட்டத்தின் கண்ணில் சாதாரணக் குடிமகன். பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றங்களை இழந்த பிரதமர் லார்ட் நார்த், தம் ஆட்சிக்காலம் முழுவதும் காமன்ஸ் சபையில் இருந்தது இந்த வழியில்தான். பாமர்ஸ்டன் பிரபுவோ அயர்லாந்துப் பட்டம் உடையவர்; அந்த வகைப் பட்டம் காமன்ஸ் சபைக்குத் தடையாக இல்லை.

சாய்ந்துபோன தராசு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரபுக்கள் சபையிலிருந்தே நாட்டை ஆண்ட பிரதமர்கள் பலர். அந்த வரிசையில் கடைசி ஆள் சாலிஸ்பரி பிரபு. 1902இல் பதவி விலகினார். பிறகு தராசு வேகமாகச் சாய்ந்தது. 1911ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டம், வரி, செலவு பற்றிய மசோதாக்களைத் தடுக்கும் அதிகாரத்தைப் பிரபுக்கள் சபையிடமிருந்து பறித்தது. மற்ற மசோதாக்களையும் தாமதப்படுத்தத்தான் முடியும் என்றாக்கியது. பணப்பெட்டியின் சாவி காமன்ஸ் சபையிடம் முழுமையாக வந்துசேர்ந்தது. அந்தச் சபையில் நின்று பதில் சொல்ல முடியாதவர் அரசுக்கு எப்படித் தலைமை தாங்குவார் என்ற கேள்வி அங்கிருந்து பிறந்தது.

இந்திய நாடாளுமன்ற முறை பெருமளவு பிரிட்டனைப் பார்த்து அமைந்தது. ஆனாலும் மாநிலங்களவை உறுப்பினரான மன்மோகன் சிங் பத்தாண்டு பிரதமராக இருக்க முடிந்தது. இந்திய அமைச்சர் எந்த அவையின் உறுப்பினராக இருந்தாலும் இரண்டு அவைகளிலும் பேசலாம். பிரிட்டனில் பிரபுவாக உள்ள அமைச்சர் காமன்ஸ் சபையில் எழுந்து பேச முடியாது. அந்த ஒரு விதிதான் இத்தனைக்கும் வேர்.

அதன் வலியை முதலில் உணர்ந்தவர் கர்சன் பிரபு. இந்தியாவின் வைஸ்ராயாக இருந்து 1905இல் வங்காளத்தைப் பிரித்த அதே கர்சன். 1923 மே மாதம் பிரதமர் போனர் லா நோயால் விலகியபோது, வெளியுறவு அமைச்சரான கர்சன் பதவி தனக்குத்தான் என்று உறுதியாக நம்பினார். சாமர்செட் மாவட்டத்தில் இருந்தவருக்கு அரண்மனையிலிருந்து தந்தி வந்தது. வாழ்த்துச் சொல்லத்தான் அழைக்கிறார்கள் என்று நினைத்து லண்டன் வந்தார். வந்தவரிடம், மன்னர் ஸ்டான்லி பால்ட்வினைத் தேர்ந்தெடுத்துவிட்டார் என்று சொன்னார்கள். கர்சனின் இறுமாப்பு பலரைப் பகைத்திருந்தது உண்மை. ஆனால் அவரிடம் சொல்லப்பட்ட காரணம் வேறு: எதிர்க்கட்சியாக வளர்ந்திருந்த தொழிற்கட்சிக்குப் பிரபுக்கள் சபையில் அநேகமாக ஆளே இல்லை, பிரதமர் அந்தச் சபையில் உட்கார்ந்தால் அவர்கள் யாரைக் கேள்வி கேட்பார்கள்?

இரண்டாவது சம்பவம் 1940 மே மாதத்தில். பிரதமர் நெவில் சேம்பர்லேனுக்குப் பின் யார் என்ற பேச்சில் ஹாலிஃபாக்ஸ் பிரபுவின் பெயர் முன்னால் இருந்தது. இவரும் இந்தியாவுக்குத் தெரிந்தவரே. இர்வின் பிரபு என்ற பெயரில் வைஸ்ராயாக இருந்து 1931இல் காந்தியடிகளுடன் ஒப்பந்தம் செய்தவர். தான் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்துகொண்டு, போரையும் காமன்ஸ் சபையையும் இன்னொருவர் நடத்தினால் தன் பதவிக்குப் பொருள் இராது என்று அவர் பின்வாங்கினார். மே 10 அன்று சர்ச்சில் பிரதமரானார். ஹாலிஃபாக்ஸின் தயக்கத்துக்குப் பட்டம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் நாகரிகமாக ஒதுங்கிக்கொள்ள அது பெரிதும் உதவியது.

உள்ளே, வெளியே, மறுபடி உள்ளே

இந்தப் பின்னணியில் அலெக்கைப் பார்ப்போம். 1903 ஜூலை 2 அன்று லண்டனில் பிறந்தார். குடும்பத்தின் மாளிகை ஸ்காட்லாந்து எல்லையோரம், கோல்ட்ஸ்ட்ரீம் ஊருக்கு அருகே ஹெர்சல் என்ற இடத்தில் இருந்தது. ஏர்ல் பட்டம் 1605இல் உருவானது. 1918இல் பாட்டனார் இறந்து தந்தை 13ஆவது ஏர்லானதும், சிறுவன் அலெக் 'டங்ளஸ் பிரபு' ஆனான். முன்னே சொன்ன மரியாதைப் பெயர் வகை இது. அதனால் காமன்ஸ் சபையின் கதவு அவனுக்குத் திறந்தே இருந்தது.

ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்போர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரி என்று வகுப்புக்கு உரிய பாதையில் வளர்ந்தார். கிரிக்கெட் நன்றாக ஆடுவார். முதல்தரப் போட்டிகளில் ஆடிய ஒரே பிரிட்டிஷ் பிரதமர் அவர்தான். மிடில்செக்ஸ் அணிக்கும் ஆடியிருக்கிறார்.

1929 தேர்தலில் தோற்று, 1931இல் ஸ்காட்லாந்தின் லானர்க் தொகுதியில் வென்றார். பின்னர் நெவில் சேம்பர்லேனின் நாடாளுமன்றத் தனிச் செயலாளராக இருந்தார். 1938 செப்டம்பரில் சேம்பர்லேன் ஹிட்லரைச் சந்திக்க மியூனிக் போனபோது உடன் போனார். செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை அந்த நாட்டைக் கேட்காமலே விட்டுக்கொடுத்த ஒப்பந்தம் அது. அந்தக் கறை அவரை நெடுநாள் தொடர்ந்தது. அது நியாயம்தான் என்றே எனக்குத் தோன்றுகிறது, அவர் அப்போது இளையவர் என்றாலும்.

1940இல் முதுகெலும்பில் காசநோய். அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏறக்குறைய இரண்டு ஆண்டு மாவுக்கட்டில் மல்லாந்து கிடந்தார். படிப்பதைத் தவிர செய்ய ஒன்றுமில்லை. மார்க்ஸின் 'மூலதனம்' உட்பட நிறையப் படித்தார். எழுந்து வந்தவர் பழைய டங்ளஸ் அல்ல. 1945 பிப்ரவரியில், போருக்குப் பிந்தைய ஐரோப்பாவைப் பற்றி சர்ச்சில், ரூஸ்வெல்ட், ஸ்டாலின் மூவரும் செய்த யால்டா ஒப்பந்தம் விவாதத்துக்கு வந்தபோது, போலந்தை நடத்திய விதம் சரியல்ல என்று தன் கட்சித் தலைவர் சர்ச்சிலின் முகத்துக்கு எதிரே பேசினார். மியூனிக்கில் உடனிருந்தவர் ஏழாண்டுக்குள் ஒரு சிறிய நாட்டுக்காக எழுந்து நின்றார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த தருணம் அது.

1945 தேர்தலில் தொகுதியை இழந்தார், 1950இல் மீட்டார். 1951 ஜூலையில் தந்தை இறந்தார். அலெக் 14ஆவது ஹியூம் ஏர்ல் ஆனார். லானர்க் வாக்காளர்கள் கொடுத்த இருக்கை அந்த நாளே போனது. ஒருவருடைய விருப்பத்தைக் கேட்காமல், அவரைத் தேர்ந்தெடுத்த மக்களையும் கேட்காமல், ஒரு மரணம் முடிவு செய்தது. பிரதமர் கனவு ஏதும் அவருக்கு இருந்திருந்தால் அதுவும் அங்கே முடிந்திருக்க வேண்டும்.

ஆனாலும் பிரபுக்கள் சபையில் அமைதியாக உயர்ந்தார். 1955 முதல் 1960 வரை காமன்வெல்த் உறவுகளுக்கான அமைச்சர். திருகோணமலைக் கடற்படைத் தளத்தை பிரிட்டன் இலங்கையிடம் ஒப்படைத்த 1957ஆம் ஆண்டு இந்தக் காலத்தில்தான் வருகிறது. 1960 ஜூலையில் பிரதமர் மாக்மில்லன் அவரை வெளியுறவு அமைச்சராக்கினார். காமன்ஸ் சபை கொதித்தது. உலக விவகாரங்களைக் கையாளும் அமைச்சரை மக்களின் பிரதிநிதிகள் நேரில் கேள்வி கேட்க முடியாதா? ரோமப் பேரரசன் கலிகுலா தன் குதிரையை கான்சல் என்ற உயர் பதவியில் அமர்த்திய பிறகு நடந்த மிகப் பொறுப்பற்ற நியமனம் இதுதான் என்று லண்டன் நாளேடு ஒன்று எழுதியது. காமன்ஸ் சபையில் அந்தத் துறைக்காகப் பேச எட்வர்ட் ஹீத்தை நிறுத்தினார்கள்.

குதிரை ஒப்பீடு தவறு என்று காலம் காட்டியது. 1962இல் சோவியத் ஏவுகணைகளால் எழுந்த கியூபா நெருக்கடியின்போது நிதானமாக இருந்தார். 1963 ஆகஸ்ட் 5 அன்று மாஸ்கோவில், அணுகுண்டுச் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையில் பிரிட்டனுக்காகக் கையெழுத்திட்டவர் அவரே. எல்லாவற்றிலும் அவரோடு நான் உடன்படவில்லை. 1961 டிசம்பரில் இந்தியா கோவாவை விடுவித்ததும், அதைச் சாட்டி ஐ.நா. சபையின் போக்கையே கண்டித்து உரையாற்றினார். நானூற்றைம்பது ஆண்டு அந்நிய ஆட்சியில் இருந்த மண்ணைப் பற்றிய புரிதல் அந்த உரையில் குறைவு.

சோசலிஸ்ட் வெட்டிய வழி

அலெக்குக்குப் பூட்டைத் திறந்துகொடுத்தவர் அவருடைய கன்சர்வேடிவ் கட்சிக்காரர் அல்ல. தொழிற்கட்சியின் இளம் உறுப்பினர், பின்னாளில் இடதுசாரிகளின் பெரிய குரலான டோனி பென்.

டோனியின் தந்தை வில்லியம் வெட்ஜ்வுட் பென், 1929 முதல் 1931 வரை இந்தியாவுக்கான அமைச்சராக லண்டனில் இருந்தவர். பின்னர் ஸ்டான்ஸ்கேட் வைகவுன்ட் ஆக்கப்பட்டார். மூத்த மகன் போரில் இறந்ததால் வாரிசு டோனி. 1960 நவம்பரில் தந்தை இறந்தபோது, பிரிஸ்டல் தென்கிழக்குத் தொகுதியின் உறுப்பினராக இருந்த டோனி சபைக்குள் நுழையத் தடுக்கப்பட்டார். அவர் விடவில்லை. 1961 மே மாதம் நடந்த இடைத்தேர்தலில் அதே தொகுதியில் நின்றார். தகுதியில்லாதவர் என்று தெரிந்தும் மக்கள் 13,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்து, தோற்ற கன்சர்வேடிவ் வேட்பாளருக்கு இடத்தைக் கொடுத்தது. அப்படி இடம் பெற்றவரும் ஒரு பிரபுவின் வாரிசுதான். பரம்பரை விதி எவ்வளவு பொருளற்றது என்பதை விளக்க இதற்கு மேல் எடுத்துக்காட்டு தேவையில்லை.

மக்கள் கொடுத்த தீர்ப்பைச் சட்டம் மிதிக்கிறது என்ற குரல் வலுத்தது. 1963 ஜூலை 31 அன்று பிரபுப் பட்டச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பரம்பரைப் பிரபு ஒருவர் தன் வாழ்நாளுக்கு மட்டும் பட்டத்தைத் துறக்கலாம். அவருக்குப் பின் வாரிசுக்கு அது போய்ச் சேரும். ஏற்கனவே பிரபுவாக இருப்பவர்களுக்கு முடிவெடுக்க ஓராண்டு அவகாசம். டோனி பென் அன்றைக்கே முதல் ஆளாகத் துறந்தார்.

அரசு முதலில் கொண்டுவந்த வரைவின்படி இந்தச் சட்டம் அடுத்த பொதுத்தேர்தலுக்குப் பின்தான் செயலுக்கு வந்திருக்கும். உடனடியாகச் செயலுக்கு வர வேண்டும் என்று திருத்தியது பிரபுக்கள் சபை. அந்தத் திருத்தம் வந்திராவிட்டால் மூன்று மாதம் கழித்து அலெக் பிரதமராகியிருக்க முடியாது.

அந்த அக்டோபர்

1963 அக்டோபர் தொடக்கத்தில் மாக்மில்லன் திடீரென நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்தார். கன்சர்வேடிவ் கட்சி மாநாடு பிளாக்பூலில் நடந்துகொண்டிருந்தது. அவர் விலகப்போகும் செய்தியை அங்கே படித்துக்காட்டியவர் அலெக். மாநாட்டுக் கூடமே தேர்தல் களமானது. துணைப் பிரதமர் நிலையில் இருந்த ரிச்சர்ட் பட்லர் இயல்பான வாரிசு என்று பலர் எண்ணினார்கள். ஹெயில்ஷம் பிரபு தன் பட்டத்தைத் துறக்கப்போவதாக அங்கேயே அறிவித்தார். ரெஜினால்ட் மாட்லிங்கும் களத்தில் இருந்தார்.

இன்றைய வாசகருக்கு வியப்பான செய்தி: அந்தக் கட்சிக்கு அப்போது தலைவர் தேர்தல் என்பதே இல்லை. மூத்தவர்கள் இவரையும் அவரையும் விசாரித்து, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கணித்துச் சொல்வார்கள். 'வழக்கமான கலந்தாலோசனை' என்று அதற்குப் பெயர். அக்டோபர் 18 அன்று எலிசபெத் அரசியார் மருத்துவமனைக்கே போய் மாக்மில்லனைச் சந்தித்தார். அவர் சொன்ன பெயர் ஹியூம். மாக்மில்லனின் அமைச்சர்களாக இருந்த இயன் மக்லியாடும் ஈனக் பவலும் இந்த அமைச்சரவையில் சேர மறுத்தார்கள். சில மாதம் கழித்து மக்லியாட் எழுதிய கட்டுரையில், முடிவெடுத்த வட்டத்தின் ஒன்பது பேரில் எட்டுப் பேர் ஈட்டனில் படித்தவர்கள் என்று சுட்டிக்காட்டினார். அவர் வைத்த 'மாய வட்டம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பிரதமரான அலெக் அக்டோபர் 23 அன்று ஆறு பட்டங்களைத் துறந்தார். ஸ்காட்லாந்தின் திஸில் வீரப்பட்டம் முன்பே பெற்றிருந்ததால் இனி அவர் சர் அலெக். கின்ராஸ்-மேற்கு பெர்த்ஷயர் தொகுதியில் ஏற்கனவே இடைத்தேர்தல் நடக்கவிருந்தது; அங்கே நிற்கவிருந்த கட்சி வேட்பாளர் வழிவிட்டார். நாடாளுமன்றக் கூட்டத்தையும் நவம்பர் 12க்குத் தள்ளிவைத்தார்கள். நவம்பர் 7 அன்று வென்றார்.

எதிர்க்கட்சித் தலைவர் ஹெரல்ட் வில்சன் விடுவாரா? விஞ்ஞான யுகத்தில் நாட்டுக்குக் கிடைத்தது 14ஆவது ஏர்லா என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் அவரும் 14ஆவது மிஸ்டர் வில்சனாகத்தான் இருப்பார் என்று அலெக் பதில் சொன்னார். மனம் புண்படாமல் அடித்த நல்ல அடி. ஆனால் பொருளாதாரக் கணக்குகளைத் தீக்குச்சிகளை நகர்த்தி வைத்துத்தான் புரிந்துகொள்வேன் என்று 1962இல் ஒரு பேட்டியில் வெகுளியாகச் சொல்லியிருந்தது அவரை விடாமல் துரத்தியது. தொலைக்காட்சி அவருக்கு இணங்கவில்லை. தன்னை இன்னும் கொஞ்சம் நன்றாகக் காட்ட முடியாதா என்று ஒப்பனை செய்த பெண்ணிடம் கேட்டபோது, உங்கள் தலை மண்டை ஓடு மாதிரி இருக்கிறது என்று அவர் சொன்னதை அலெக்கே பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

ஆட்சி ஓராண்டுகூட நிறையவில்லை. பொருள்களின் சில்லறை விலையை உற்பத்தியாளர்களே நிர்ணயிக்கும் முறையை ஒழித்த சட்டம் குறிப்பிடத்தக்கது. சொந்தக் கட்சியைத் தாங்கிநின்ற சிறுகடைக்காரர்களே எதிர்த்ததால் ஒரு கட்டத்தில் ஒரே ஒரு வாக்கில் தப்பியது. 1964 அக்டோபர் 15 தேர்தலில் தொழிற்கட்சி 317 இடங்களில் வென்றது. வில்சனுக்குக் கிடைத்த பெரும்பான்மை வெறும் நான்கு. படுதோல்வியை எதிர்பார்த்தவர்கள் திகைத்தார்கள்.

தோற்ற பிறகு செய்ததுதான் அவருடைய மிகப் பெரிய காரியம் என்பேன். கட்சித் தலைவரை எம்.பி.க்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் விதிகளை 1965இல் கொண்டுவந்தார். தன்னை உயர்த்திய கமுக்கமான முறையைத் தன் கையாலேயே முடித்துவைத்தார். அந்த ஜூலையில் பதவி விலகி, புதிய விதிப்படி நடந்த முதல் தேர்தலில் ஹீத் 150, மாட்லிங் 133, பவல் 15 வாக்குகள் பெறுவதைப் பார்த்தார். தான் போட்டியிடவில்லை.

1970இல் ஹீத் பிரதமரானபோது மறுபடி வெளியுறவு அமைச்சர். ஒரு காலத்தில் அவருக்காகக் காமன்ஸ் சபையில் பேசியவரின் கீழ், இம்முறை அதே சபையில் தானே நின்று பதில் சொன்னார். 1971இல் உளவு பார்த்த குற்றச்சாட்டில் 105 சோவியத் அலுவலர்களை நாட்டைவிட்டு விலக்கினார். ரொடீசியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) வெள்ளையர் ஆட்சியோடு அவர் செய்த உடன்பாட்டை அந்நாட்டு ஆப்பிரிக்க மக்கள் ஏற்கவில்லை என்று மக்களின் கருத்தை அறிய அமைத்த பியர்ஸ் ஆணையம் 1972இல் அறிவித்ததும் அது கைவிடப்பட்டது. வங்கதேசத்தை பிரிட்டன் 1972 பிப்ரவரியில் அங்கீகரித்தபோதும் அந்தத் துறை அவரிடமே இருந்தது.

அவருக்கு எதிராக 1960இல் எழுந்த கேள்வி இன்னும் ஓயவில்லை. 2023 நவம்பரில் முன்னாள் பிரதமர் டேவிட் கேமரன் வாழ்நாள் பிரபுவாக்கப்பட்டு (இந்தப் பட்டம் வாரிசுக்குப் போகாது) வெளியுறவு அமைச்சரானபோது, காமன்ஸ் சபையில் அவருக்காக இன்னோர் அமைச்சர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

1974 இறுதியில் அலெக் தேர்தல் அரசியலை விட்டு, வாழ்நாள் பட்டத்தோடு பிரபுக்கள் சபைக்குத் திரும்பினார். பிறப்பால் வந்த இருக்கையைத் துறந்தவருக்கு அதே சபையில் உழைப்புக்காக இன்னோர் இருக்கை. 1995 அக்டோபர் 9 அன்று 92ஆம் வயதில் ஹெர்சலில் காலமானார். அன்றே அவர் ஒதுக்கிவைத்திருந்த பழைய பட்டம் விழித்துக்கொண்டது. மகன் டேவிட் 15ஆவது ஏர்ல் ஆனார். 1999இல் பெரும்பாலான பரம்பரைப் பிரபுக்கள் சபையிலிருந்து நீக்கப்பட்டபோது, தங்க அனுமதிக்கப்பட்ட 92 பேரில் ஒருவராகச் சக பிரபுக்கள் வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2022இல் இறக்கும் வரை அந்த இருக்கையில் அவர் இருந்தார்.